தூணை வெட்டிக் கடையை விரிக்கலாமா?



வரி, விலைவாசி, தராசு முத்திரை, லைசென்ஸ் என்று நம் தொழிலைத் தொட்ட விஷயங்களையே இப்பக்கங்களில் படித்துப் பழகியவர்கள் நாம். மளிகை மொத்த வியாபாரிக்குப் பூகம்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பூகம்பத்தில் மனிதரைக் கொல்வது பூமி அல்ல, கட்டடம். அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பது பெரும்பாலும் கடை. அந்தக் கடையை நடத்துகிறவர்கள் நாம். ஆகவே இது நம் விஷயமேதான்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் குஜராத்தில் கட்ச் பகுதி குலுங்கியது. அளவு 7.7. அரசுக் கணக்கின்படியே சுமார் 13,800 பேர் மாண்டனர். சீரகத்துக்கு ஊஞ்ஜா, உப்புக்குக் கட்ச் என்று அந்த மாநிலத்தை நம்பித் தொழில் செய்கிறவர்கள் நம்மில் பலர். அன்று முழுவதும் தொலைபேசியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், லைன் கிடைக்கவில்லை. சில நாட்கள் கழித்து அகமதாபாத்திலிருந்து ஒரு கமிஷன் மண்டிக்காரர் பேசினார். சரக்கைப் பற்றியோ பாக்கியைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்கள் கட்டடமும் அடுத்த கட்டடமும் ஒரே வயது, ஒரே உயரம். எங்களுடையது விரிசலோடு நிற்கிறது. அடுத்ததில் மேல்மாடிகள் அப்படியே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டன. கீழ்த்தளத்தைக் காணோம்" என்றார்.

கீழ்த்தளத்தைக் காணோம் என்ற அந்தச் சொல் நம்மைத் தூங்கவிடவில்லை. காரணம், அதே தை மாதத்தில் நம் கடையின் நடுவில் நின்ற ஒரு தூணை எடுத்துவிட மேஸ்திரியிடம் பேசி அட்வான்சும் கொடுத்திருந்தோம். மூட்டை வண்டி திரும்ப அது இடைஞ்சலாக இருந்தது. "இரும்புக் கர்டர் ஒன்றைப் போட்டுத் தாங்கிக்கொள்ளலாம் அண்ணாச்சி, ஒன்றும் ஆகாது" என்று மேஸ்திரி தைரியம் சொல்லியிருந்தார்.

கட்டடம் ஏன் விழுகிறது?

கட்டடம் தன் எடையைத் தாங்கி நிற்பது வேறு, பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குவது வேறு. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸை டிரைவர் சட்டென்று எடுத்தால், நிற்கிற ஆளின் கால் முன்னே போகிறது, உடம்பு பின்னே சாய்கிறது. பூகம்பத்திலும் இதுதான் நடக்கிறது. அடித்தளம் நிலத்தோடு நகர்கிறது, மேல்மாடி நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இடையில் அகப்பட்டுக்கொண்டு வளைகிறவை தூண்களும் சுவர்களும்தான். மேலே எடை கூடக் கூட அவற்றின் மேல் விழும் விசையும் கூடும்.

"எங்கள் தாத்தா கட்டிய கட்டடம் எண்பது வருஷமாக நிற்கிறதே" என்று நாம் பெருமை பேசுவது உண்டு. எண்பது வருஷமும் அது கீழ்நோக்கிய எடையைத்தான் தாங்கியது. பக்கவாட்டில் யாரும் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை.

இப்போது நம் கடைவீதிக் கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். மேல்மாடிகள் வீடு, அறைக்கு அறை செங்கல் சுவர். கீழே கடை, முன்பக்கம் முழுதும் ஷட்டர், உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. சுவர் நிறைந்த மேல்மாடிகள் ஒரே பெட்டி போல இறுகி நிற்கும். ஆட்டம் வரும்போது அவை வளையாது. வளைய வேண்டியதையெல்லாம் சுவரில்லாத கீழ்த்தளத் தூண்களே வளைந்தாக வேண்டும். கனத்த பெட்டியை மெலிந்த நான்கு குச்சிகளின் மேல் வைத்து அசைத்தால் பெட்டி உடையாது, குச்சிகள்தான் முறியும். அகமதாபாத், பூகம்ப மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே எழுநூறு பேருக்கு மேல் இறந்தனர். விழுந்த அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை, கார் நிறுத்தவோ கடைக்காகவோ கீழ்த்தளத்தைத் திறந்து விட்டவை. சபர்மதி ஆற்று வண்டல் மண்ணும் ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுத்தது. தெருப்பக்கம் மேல்மாடியை நீட்டி, அந்த நீட்டலின் நுனியில் தூணை ஏற்றியிருந்த கட்டடங்களும் அடிபட்டன. கீழே தரை வரை இறங்காத தூண், தூண் அல்ல, பாரம்.

மூலைக்கடைக்கு நாம் கூடுதல் பகடி கொடுக்கிறோம். இரண்டு தெருவிலிருந்தும் வாடிக்கையாளர் வருவார்கள் என்பது கணக்கு. ஆனால் அந்தக் கட்டடத்தில் இரண்டு பக்கம் ஷட்டர், மற்ற இரண்டு பக்கம் கெட்டிச் சுவர். ஆட்டம் வந்தால் கெட்டியான பக்கம் நிற்கும், திறந்த பக்கம் வீசும். கட்டடம் நேராக ஆடாமல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலின் முழு வேகமும் தெருமுனைத் தூணில் போய் விழும். கல்லாப்பெட்டி இருப்பது பெரும்பாலும் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியில் ஒரே நாளில் இரண்டு பெரும் பூகம்பங்கள் வந்தன. அந்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கீழ்த்தளக் கடையை விரிக்கத் தூண்களை எடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு, விழுந்த பல கட்டடங்களைப் பற்றி எழுந்து நீதிமன்றம் வரை போனது. மேலே குடியிருந்த குடும்பங்களுக்குக் கீழே என்ன நடந்தது என்பதே தெரியாது. நாம் வெட்டும் தூண் நமக்கு மட்டும் சொந்தமல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் ஊருக்கு வராது என்ற நம்பிக்கை

"பூகம்பமெல்லாம் வடக்கே. தக்காணப் பீடபூமி கெட்டியான பாறை" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டத்து மக்களும் அதையேதான் நம்பியிருந்தார்கள். அன்று நடைமுறையில் இருந்த வரைபடத்தில் அப்பகுதி, ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன், கில்லாரியைச் சுற்றிய கிராமங்கள் மண்மேடாயின. சுமார் எட்டாயிரம் பேர் மாண்டனர். பூகம்பத்தின் அளவு 6.2 தான். மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல் சுவரும், வெயிலுக்காக மரச்சட்டத்தின் மேல் ஏற்றிய மண் கூரையும் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நெடுங்கற்கள் இல்லாததால் சுவர் இரண்டாகப் பிளந்தது.

நம் மாநிலமும் விலக்கல்ல. 1900 பிப்ரவரி 8-இல் கோவைப் பகுதியில் ஆறு அளவை ஒட்டிய பூகம்பம் வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-இல் புதுவைக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்ச்சியில் சென்னைவாசிகள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2002-இல் தேசிய வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். நாளையே வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தீ வரும் என்று உறுதியாகத் தெரிந்தா நாம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம்?

மறதியும் ஒரு காரணம். கட்ச் பகுதியில் அஞ்சார் நகரம் 1956-லேயே ஒரு பூகம்பத்தில் நூறு பேருக்கு மேல் இழந்த ஊர். நாற்பத்தைந்து ஆண்டுகளில் தெருக்கள் மறுபடி குறுகலாயின, மாடிகள் ஏறின. 2001 குடியரசு தினத்தன்று கொடியேந்தி ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மேல் இரு பக்கக் கட்டடங்களும் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் ஒரே தெருவில் போனார்கள். இன்று அங்கே அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அதே கட்ச் மண்ணில், வட்ட வடிவில் மண்ணால் கட்டிக் கூம்புக் கூரை வேய்ந்த பூங்கா என்னும் பழைய குடிசைகள் பல நின்று பிழைத்தன. மூலையில்லாத சுவர், கனமில்லாத கூரை. பணம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இது சாட்சி.

நாம் செய்த தவறு

தூணுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போகட்டும் என்று வேலையை நிறுத்திவிட்டு, கட்டட உறுதி பார்க்கும் பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் தூணைப் பார்க்கவில்லை. முதலில் சுவரைத் தேடினார். 1994-இல் இரண்டு கடைகளை ஒன்றாக்க நடுச்சுவரை நாமே எடுத்திருந்தோம். லாரி பின்புறம் நின்று சரக்கு இறக்கப் பின்சுவரிலும் பாதியை உடைத்திருந்தோம். "தூணை இன்னும் வெட்டவில்லை என்கிறீர்கள். பாதி வெட்டியாகிவிட்டது" என்றார் அவர். நமக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.

பிறகு மாடிக்குப் போனார். மூன்றாம் தளத்தில் வீட்டுக்கென்று கட்டிய அறையில் அரிசி மூட்டைகளை அட்டி போட்டிருந்தோம். வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ சுமைக்குத்தான் கணக்கிடுவார்களாம். அதாவது சதுர அடிக்கு இருபது கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஐந்தடி உயர அரிசி அட்டி ஒரு சதுர அடியில் நூறு கிலோவைத் தொட்டுவிடும். வியாபாரத்தில் கிராம் கணக்குப் பார்க்கும் நாம், தலைக்கு மேல் ஐந்து மடங்கு பாரத்தை ஏற்றி வைத்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறோம்.

அடுத்து உப்பு மூட்டைகள். தூணை ஒட்டியே பல வருஷமாக அடுக்கியதில் ஈரமும் உப்பும் உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்து, தூணின் நெடுக்கில் விரிசல் விட்டிருந்தது. சுண்ணாம்பு பூசி மறைத்து வைத்திருந்தோம்.

அந்த ஆண்டு லாபம் பெரும்பாலும் அதிலேயே போயிற்று. பின்புறச் சுவரை மறுபடி எழுப்பினோம். பக்கவாட்டில் ஒரு குறுக்குச் சுவர் போட்டோம். மூன்று தூண்களைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கான்கிரீட் கவசம் கொடுத்தோம். அரிசி கீழே இறங்கியது. கடையில் ஆறடி ரேக் இடம் போயிற்று. இடம் போனதே என்று சில மாதம் வருந்தியது உண்மை. ஆனால் மாடியில் குடியிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் படியில் இறங்கி வருவதைப் பார்க்கும்போது அந்த வருத்தம் நிற்கவில்லை.

என்ன செய்யலாம்?

பொறியாளர் வேலையைப் பொறியாளர் செய்யட்டும். நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறோம்.

1. தூண், பீம், எடை தாங்கும் சுவர் மூன்றிலும் பொறியாளர் எழுத்து மூலம் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. ஏசி குழாய்க்காகத் துளை போடுவதற்குக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

2. புதிதாகக் கட்டுகிறவர்கள், கீழ்த்தளத்தில் கடை வைக்கப் போகிறோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். 2002-இல் திருத்திய தர விதி, இப்படித் திறந்த தளத்தின் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப் போல் இரண்டரை மடங்குக்குத் தாங்குமாறு அமைக்கச் சொன்னது. திறந்த தளம் கூடாது என்பதல்ல. திறந்த தளத்துக்கு உரிய பலம் வேண்டும் என்பதே அதன் கருத்து.

3. கம்பி கட்டும்போது நேரில் போய் நில்லுங்கள். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒன்றரை அடி உயரத்துக்காவது ரிங் கம்பிகள் நான்கு அங்குலத்துக்கு மிகாத இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும். ரிங்கின் நுனி செங்கோணமாக மடங்கி நிற்காமல், இன்னும் உள்ளே வளைந்து கான்கிரீட்டுக்குள் கொக்கி போல் புதைய வேண்டும். செங்கோணத்தில் விட்டால் ஆட்டத்தில் ரிங் பிரிந்துவிடும். மூட்டைக்குக் கட்டிய கயிறு அவிழ்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் தூணுக்கும் ஆகும். சாக்கு இருந்தும் சரக்கு நிற்காது.

4. தூண் இல்லாமல் செங்கல் சுவர் மேலேயே நிற்கும் கட்டடத்தில், வாசல் மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தக் கூடாது. கம்பி வைத்த கான்கிரீட் பட்டை, அடித்தள மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் எல்லாச் சுவர்களையும் சுற்றி அறுபடாமல் ஓட வேண்டும். ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்றால் கூரை மட்டத்திலும் வேண்டும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் போல அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும்.

5. ஏற்கனவே உள்ள கட்டடத்துக்கும் வழி உண்டு. முன்பக்க ஷட்டரை மூட வேண்டியதில்லை. பின்புறமும் பக்கங்களிலும் சுவர் சேர்ப்பது, தூணுக்குக் கவசம் போடுவது, இரும்புச் சட்டத்தைக் குறுக்காக இணைப்பது என்று இடத்துக்கு ஏற்ற முறைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் முறுக்கல் கூடும். சமமாகச் செய்ய வேண்டும்.

6. கடைக்குள் ரேக்குகளைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைக்கவும். எண்ணெய் டின், மூட்டை போன்ற கனச் சரக்கு கீழே. அப்பளம், தேயிலை போன்றவை மேலே. அட்டியை வரிசைக்கு வரிசை மாற்றி அடுக்கவும். தூணை ஒட்டி உப்பு வேண்டாம். பின்வாசலில் காலிப் பெட்டிகளை அடைக்க வேண்டாம். கட்டடம் சற்றுக் கோணினாலும் ஷட்டர் ஏறாது.

7. கைப்பிடிச் சுவரும் பெயர்ப் பலகையும்தான் முதலில் தெருவில் விழும். ஆடும்போது கடையிலிருந்து தெருவுக்குப் பாயாமல், கெட்டியான மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு, ஆட்டம் நின்றபின் வெளியே வரப் பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

8. இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை முழுதாகப் படிக்கவும். 2021 ஏப்ரலில் சிறு நிறுவனங்களுக்கென வந்த பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா போன்ற பாலிசிகளில் பூகம்ப நஷ்டமும் அடங்கும். நம் பாலிசி எது, அதில் சரக்கு மட்டுமா, கட்டடமும் சேர்ந்ததா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் செலவு செய்வது?

இங்கேதான் முட்டுக்கட்டை. "பழைய வாடகைதானே வருகிறது, நான் ஏன் செலவழிக்க வேண்டும்" என்கிறார் கட்டட உரிமையாளர். "கட்டடம் என்னுடையதா, நான் ஏன் போட வேண்டும்" என்கிறார் கடைக்காரர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடம் விழும்போது அது பத்திரத்தில் யார் பெயர் என்று பார்த்து விழாது. குறைந்தபட்சம் பரிசோதனைச் செலவையாவது இருவரும் பாதிப் பாதி ஏற்றுக்கொள்ளலாம். என்ன குறை என்று தெரிந்தபின், பேச வேண்டியதைப் பேச ஓர் அடிப்படையாவது கிடைக்கும். வேலை பெரிதானால் அதை வாடகையில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வணிகர் தினத்துக்குப் பந்தல் போடுகிறோம், மாநாட்டுக்குப் பஸ் அமர்த்துகிறோம். அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழைத்து, ஒரு கடைவீதியையாவது வரிசையாகப் பார்வையிடச் சொன்னால் என்ன? எந்தக் கட்டடத்தில் நடுச்சுவர் இல்லை, எதில் தூண் துருப்பிடித்திருக்கிறது, எதில் மாடியில் மூட்டை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. யாரையும் அதிகாரியிடம் காட்டிக் கொடுப்பதற்கல்ல. நாமே நம்மைத் திருத்திக்கொள்வதற்கு.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பெரியவர்கள் சொல். பூகம்பத்துக்கு அணை போட முடியாது; தூணை வெட்டாமல் இருக்க முடியும். இந்த இதழைப் படித்து முடித்ததும் கடையின் நடுவில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். மேலே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், அவர்களைத் தாங்க இங்கே எத்தனை தூண், எத்தனை சுவர் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை போதாது என்று மனதுக்குப் பட்டால், அடுத்த சரக்கு ஆர்டருக்கு முன் ஒரு பொறியாளருக்குப் போன் செய்யுங்கள்.